இரு கரைக் கடைவீதிகள்: நெல்லையும் பாளையும்

தாமிரபரணியின் இடக்கரையில் திருநெல்வேலியும் வலக்கரையில் பாளையங்கோட்டையும் எதிரெதிரே அமைந்திருந்தாலும், இரண்டும் ஒரே வகையில் தோன்றிய ஊர்கள் அல்ல. முன்னது நெல்லையப்பர்–காந்திமதி கோயிலைச் சுற்றி வளர்ந்த கோயில் நகரம். பின்னது கோட்டைக்குள் இருந்த படைக்குச் சோறும் துணியும் விற்கத் தொடங்கி, பிறகு மிஷன் பள்ளிகளால் பெயர்பெற்ற ஊர். கிறித்தவ மரபில் பேராயர் ஒருவரின் ஆட்சி இருக்கை அமைந்த தலைமைக் கோயிலே பேராலயம் எனப்படும். அத்தகைய பேராலயங்கள் பாளையங்கோட்டையில் இரண்டு உள்ளன. ஒன்று, முருகன்குறிச்சியில் கூரிய கோபுரத்தால் ‘ஊசிக்கோபுரம்’ என்று மக்கள் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. மற்றொன்று, 1973இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட பாளையங்கோட்டை கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தூய சவேரியார் பேராலயம். கோபுரங்களின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். அவற்றின் நிழலில் நின்ற கடைகள் யாரை நம்பிப் பிழைத்தன என்ற கேள்வியோ அதிகம் எழுப்பப்பட்டதில்லை; இந்நகரங்களின் தெருக்கள் ஏன் இப்படி அமைந்தன என்பதற்கு அந்தக் கேள்வியே நேரான விடையைத் தருகிறது.

கோட்டைக்கு முன்பே பாளையங்கோட்டை ஊராக இருந்தது. இங்குள்ள பழைய கோயில் கல்வெட்டுகள் அதனை ஸ்ரீவல்லபமங்கலம் என்ற பிரமதேயப் பெயரால், அதாவது அந்தணர்க்கு விடப்பட்ட ஊருக்குரிய பெயரால், குறிக்கின்றன. ஆற்றில் குறுக்கே கட்டிய பழவூர் அணையிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய் இப்பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்ததுபோல, சுத்தமல்லி அணையிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய் அப்பக்கத்து வயல்களுக்கும் நயினார்குளத்துக்கும் நீர் கொடுத்தது. ஆக, இரு கரைகளுக்கும் தனித்தனி வாய்க்கால், தனித்தனி நெல், தனித்தனிச் சந்தை என்ற நிலையே நெடுங்காலம் நீடித்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்களும், அவர்களுக்குப் பின் யூசுப்கானும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் இக்கோட்டையைத் தெற்கத்திய பாளையக்காரர்களை அடக்கும் தளமாகப் பயன்படுத்தியபோதுதான் வலக்கரையின் போக்கு மாறியது.

படை தங்கும் இடத்தில் கடைத்தெரு தானாக முளைக்கும். சம்பளம் பெறும் சிப்பாய்க்கு அரிசி, எண்ணெய், புகையிலை, சாராயம், தையல், சவரம், காலணி என எல்லாமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. வயலும் இல்லை, வீட்டுக் களஞ்சியமும் இல்லை. கோயில் ஊர்களில் கடைத்தெரு என்று சொல்லப்படுவது பாளையங்கோட்டையில் ‘தெற்கு பஜார்’ என்றே இன்றும் வழங்குவது படைமுகாமின் பேச்சு வழக்கு ஊரில் தங்கிவிட்டதன் தடயமாகலாம். 1801 பிப்ரவரி 2 அன்று, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய நிகழ்ச்சி இரண்டாம் பாளையக்காரர் போருக்குத் தொடக்கமாயிற்று. விறகு விற்பவர்களைப் போல வந்தவர்களே அவரை மீட்டார்கள் என்ற செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அது நடந்தபடியே சொல்லப்பட்டதோ இல்லையோ, தலைச்சுமை வியாபாரிகள் அன்றாடம் தடையின்றி வந்துபோன இடமாகவே அக்கோட்டையை மக்கள் நினைவு வைத்திருந்தனர் என்பதை அச்செய்தி காட்டிவிடுகிறது. அதே ஆண்டு ஜூலையில் ஆர்க்காட்டு நாடு முழுவதும் நவாபிடமிருந்து கம்பெனியின் கைக்குச் சென்றது. போர் அச்சம் நீங்கிய பின் மதில்கள் இடிக்கப்பட்டன; எஞ்சிய வாயில் பகுதி ஒன்று நெடுநாள் ‘மேடை போலீஸ் ஸ்டேஷன்’ ஆகக் காலம் தள்ளியது.

இக்கோட்டையூரின் முதல் கிறித்தவக் கோயில் ஒரு மிஷனரியின் பணத்தால் எழுந்தது அன்று. தஞ்சையைச் சேர்ந்த மராத்திய அந்தணக் கைம்பெண் ஒருவர், லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியுடன் பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார். அவரிடமிருந்தே ஆங்கிலமும் கிறித்தவமும் கற்ற அப்பெண், தஞ்சையில் பணியாற்றிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சுவார்ட்சிடம் திருமுழுக்கு கேட்டபோது, மணமாகாத உறவு காரணமாக மறுக்கப்பட்டார். அதிகாரி இறந்த பின், 1778இல், சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது குளோரிந்தா என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் காணும் 40 பெயர்களில் முதல் பெயர் அவருடையது. அந்த நாற்பதின்மருள் சிப்பாய்களும் வேலையாட்களும் பல சாதிகளைச் சேர்ந்தோரும் இருந்தனர். ஒரு படைமுகாமின் கடைத்தெருவில் யாரெல்லாம் நடமாடினார்களோ அவர்களே அச்சபையின் உறுப்பினராகவும் இருந்தார்கள் என்று கொள்வதில் பிழையில்லை.

குளோரிந்தா தம் கைப்பணத்தோடு கோட்டையிலிருந்த ஆங்கில அதிகாரிகளின் உதவியையும் சேர்த்துக் கட்டிய சிறு கோயிலை 1785 ஆகஸ்டில் சுவார்ட்ஸ் படைத்துத் திறந்தார். ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே ஊரார் அதனை அழைத்தனர். அவர் பொதுமக்களுக்காக வெட்டிய கிணறும் அப்பெயராலேயே வழங்கியது. தெருக்களின் வரலாற்றை எழுதுவோர் இக்கிணற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கடைத்தெருவுக்கு அருகே பலரும் மொள்ளக்கூடிய நீர் இருந்தது என்பது, சாதிக்கொரு கிணறு இருந்த காலத்தில், ஒரு கோயில் கட்டியதைவிடச் சிறிய செயல் அன்று. திருநெல்வேலியில் பிறந்து, பின்னாளில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் என்று புகழ்பெற்ற கவிஞரைச் சுவார்ட்ஸ் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றதும் இதே காலத்தில்தான். குளோரிந்தாவின் வாழ்வைப் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1915இல் ஆங்கில நாவலாக எழுதினார்.

படையைப் பின்பற்றிக் கடை வந்ததுபோல, படையைப் பின்பற்றியே பள்ளியும் வந்தது. 1816இல் கோட்டைப் படையின் குருவாக நியமிக்கப்பட்ட ஜேம்ஸ் ஹஃப், சிப்பாய்களின் வழிபாட்டை நடத்துவதோடு நிற்காமல் பள்ளிகளைத் தொடங்கி, இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எம்.எஸ். என்னும் சர்ச் மிஷனரி சங்கத்தின் உதவியைக் கேட்டுப் பெற்றார். அதன் விளைவாக 1820இல் வந்தவர் பிரஷ்ய நாட்டவரான ரேனியஸ். தமிழ் இலக்கண நூல் எழுதும் அளவுக்குத் தமிழறிந்த இவர், கோட்டைக்கு வெளியே முருகன்குறிச்சியில் நிலம் பெற்று, 1826இல் தூய திரித்துவ ஆலயத்தைத் திறந்தார். 1896இல் திருநெல்வேலி தனிப் பேராயமாகி சாமுவேல் மார்லி முதல் பேராயரானதும் அவ்வாலயமே பேராலயமாயிற்று. 1830இல் ரேனியஸ் தொடங்கிய தரும சங்கம், துன்புறுத்தப்பட்ட புதுக் கிறித்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தும் அமைப்பாகும். மாவட்டத்தில் ‘புரம்’ என்று முடியும் கிறித்தவக் குடியிருப்புகள் பல இவ்வாறு அமைந்தவையே. மிஷன் சங்கத்தோடு ஏற்பட்ட கொள்கை வேறுபாட்டால் 1835இல் விலக்கப்பட்ட ரேனியஸ், 1838இல் பாளையங்கோட்டையிலேயே இறந்து அடைக்கலபுரத்தில் அடக்கமானார்.

முருகன்குறிச்சித் தெருவின் இன்றைய முகம் இந்த நில வாங்கலிலிருந்து வந்தது. மிஷன் ‘காம்பவுண்டு’ எனப்படுவது ஆலயம், பள்ளி, விடுதி, குருவின் பங்களா, அச்சகம் ஆகியவற்றை ஒரே சுற்றுச்சுவருக்குள் அடக்கிய வளாகமாகும். அத்தகைய சுவர் தெருவின் ஒரு பக்கம் முழுவதும் நீண்டால் அங்கே கடை வைக்க இடமிருக்காது. கோயில் ஊரில் கோயில் மதிலை ஒட்டியே பூக்கடையும் வளையல் கடையும் அமர்ந்துவிடும். மிஷன் சுவரை ஒட்டி யாரும் அமர்ந்ததில்லை. எனவே பேராலயத்தைச் சுற்றிக் கடைவீதி வளர்ந்த ஐரோப்பிய நகரங்களின் அமைப்பு பாளையங்கோட்டையில் உருவாகவில்லை. பேராலயம் மரநிழலிலும் அமைதியிலும் தனித்து நிற்க, வாணிபம் பழைய கோட்டைப் பகுதியின் தெற்கு பஜாரிலேயே தங்கியது. வாடிக்கையாளர்தாம் மாறினர். சாரா டக்கர், தூய யோவான், 1923இல் இயேசு சபையார் தொடங்கிய தூய சவேரியார் ஆகிய கல்லூரிகளும், 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், 1897இல் ஃபுளாரன்ஸ் சுவெய்ன்சன் தொடங்கிய செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் ஊரை நிரப்பியபோது, சிப்பாய் நின்ற இடத்தில் மாணவர் வந்து நின்றார். முதற்கல்லூரியின் பெயருக்குரிய சாரா டக்கர் இந்திய மண்ணையே மிதிக்காதவர். சென்னையில் பணியாற்றிய தம் அண்ணனின் வழியாக இந்நாட்டுப் பெண்களின் நிலையை அறிந்து, அவர்களின் கல்விக்காக இங்கிலாந்தில் இருந்தபடியே உழைத்த நோயாளிப் பெண்மணி. ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்ற பட்டம் ஊருக்குப் பெருமை சேர்த்ததே தவிர, கடைக்காரரைச் செல்வராக்கியதாகத் தெரியவில்லை. மாதக் கட்டணத்துக்கே வீட்டிலிருந்து பணம் வர வேண்டிய விடுதி மாணவர் நோட்டும் பேனாவும் வாங்குவார், பட்டு வாங்கமாட்டார்.

பட்டு வாங்க வேண்டுமானால் ஆற்றைக் கடக்க வேண்டும். கடப்பதுதான் 1843 வரை பெருந்தொல்லையாக இருந்தது. கம்பெனியின் கலெக்டர் கச்சேரி பாளையங்கோட்டைப் பக்கத்தில் கொக்கிரகுளத்தில் இருந்தது; கோயிலும் நெல் வணிகமும் மறுகரையில் இருந்தன. வழக்குக்கும் வரி கட்டவும் வந்தவர், சந்தைக்குச் சுமை கொண்டு போனவர், சாமி பார்க்க வந்தவர் எல்லோரும் கோடையில் மணலில் இறங்கி நடந்தனர், வெள்ளத்தில் தோணிக்காகக் காத்திருந்தனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகினால் இரு ஊர்களும் நாட்கணக்கில் தொடர்பற்றுப் போகும். பாலம் கட்டத் திட்டமிட்டபோது செலவு ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. பொதுமக்களிடம் திரட்டுவதென்ற முடிவு நிறைவேறாத நிலையில், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது அக்காலத்தில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய தலைமை அலுவலராக, இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். மனைவி தம் நகைகளையும் தந்ததாக நெல்லையில் சொல்லப்படும். ஃபேபர் என்ற படைப் பொறியாளரின் வரைபடத்தின்படி, இலண்டன் தேம்ஸ் ஆற்றின் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு, 11 வளைவுகளுடன் எழுந்த பாலம் 1843 நவம்பரில் திறக்கப்பட்டது.

அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை அதன் ஊழியர் ஒருவரே தம் பணத்தால் செய்து முடித்தார் என்பதை அன்றைய அதிகாரிகள் பாராட்டாகவே எழுதினார்கள். அதில் ஒரு வெட்கமும் கலந்திருந்திருக்க வேண்டும். நகர வரலாற்றில் இதன் பயனைக் கோயிலின் பயனுக்கோ பேராலயத்தின் பயனுக்கோ குறைவாக மதிப்பிட இயலாது. பாலத்துக்குப் பின் பாளையங்கோட்டையில் பெரிய சந்தை தேவைப்படவில்லை, திருநெல்வேலியில் பெரிய அலுவலகங்கள் தேவைப்படவில்லை; ஒருவர் காலையில் கச்சேரி வேலையை முடித்துவிட்டு மாலையில் ரத வீதியில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பலாம். படிப்பும் அதிகாரமும் ஒரு கரை, வணிகமும் வழிபாடும் மறுகரை என்ற பிரிவினையை ஆறு தொடங்கி வைத்தது. பாலம் அதனை வசதியாக்கி நிலைபெறச் செய்தது. பிற்கால வெள்ளங்களில் சேதமடைந்து, பழுதுபார்த்து, அகலப்படுத்தப்பட்டபோதும் அப்பாலத்துக்குச் சுலோசன முதலியாரின் பெயர் நீங்கவில்லை.

மறுகரையில், நகரத்தார் ‘டவுன்’ என்று மட்டுமே சொல்லும் பழைய திருநெல்வேலியில், கடையின் இடத்தை முடிவு செய்தது தேர். நெல்லையப்பர் சன்னதியையும் காந்திமதியம்மன் சன்னதியையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647இல் வடமலையப்ப பிள்ளையனால் கட்டப்பட்டது. இரட்டைக் கோயிலைச் சுற்றி நாற்புறமும் ஓடுவன ரத வீதிகள். ஆனித் திருவிழாவில் பெருந்தேர் திரும்ப வேண்டிய அளவுக்கு வீதி அகலமாக இருந்தாக வேண்டும். திண்ணையும் சாய்ப்பும் தேர்வடத்தை மறித்தால் அவற்றை எடுத்தாக வேண்டும். தேருக்காக ஒழுங்குபடுத்தப்பட்ட இவ்வகலம் ஆண்டின் மற்ற நாட்களில் மாட்டுவண்டிக்கும் சரக்குக்கும் பயன்பட்டது. வாகையடி முனை, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்று தெருத் திருப்பங்களே அடையாளமாகிப்போன ஊர் இது. ‘முக்கு’ என்பது நெல்லை வழக்கில் தெருமுனை. பேட்டை என்னும் மேற்குப் புறநகரில் முஸ்லிம் வணிகரும், மேலப்பாளையத்தில் நெசவாளரும் இருந்தனர். பத்தமடையிலிருந்து கோரைப்பாயும், பனங்காட்டுப் பகுதியிலிருந்து கருப்பட்டியும் வந்து சேர்ந்தன.

கீழ ரத வீதியில், கோயிலுக்கு எதிரே, 1900இல் கிருஷ்ணசிங் தொடங்கிய கடையே இன்று இருட்டுக்கடை என்று உலகறிந்தது. வடநாட்டு ராஜபுத்திரக் குடும்பங்கள் இங்கே இனிப்பு செய்ய வந்ததற்குச் சொக்கம்பட்டி ஜமீன்தாரின் அழைப்பே காரணம் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எதுவாயினும் தொழில்முறை தெளிவானது: சம்பாக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அப்பாலைப் புளிக்கவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊற்றி, நெய் விட்டுவிட்டு, நெய் பிரிந்து வெளியேறும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டும். சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பது ஊர் நம்பிக்கை. கிண்டுபவரின் தோள்வலிமைக்கும் அதில் பங்குண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. மாலையில் மட்டும், மங்கிய விளக்கொளியில், சில மணி நேரமே நடந்த வணிகம் கடைக்கு அப்பெயரைக் கொடுத்தது. சாயரட்சை பூசைக்கு வந்து திரும்பும் கூட்டமே அதன் முதல் வாடிக்கையாளர்கள் என்பதைக் கருதினால், திறக்கும் நேரத்தையும் கோயிலே முடிவு செய்தது எனலாம்.

டவுனில் அல்வாவுக்கு அடுத்தபடியாக நினைக்கத்தக்கவை துணியும் புத்தகமும். ஆரெம்கேவி ஜவுளிக்கடை 1924இல் இங்குத் தொடங்கியதே. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1920இல், திருவரங்கம் பிள்ளையும் வ. சுப்பையா பிள்ளையும் முன்னின்று உருவாக்கிய திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம், மலிவு விலையில் பழந்தமிழ் நூல்களைப் பதித்து, ‘கழகம்’ என்ற ஒற்றைச் சொல்லாலேயே தமிழ்நாடெங்கும் அறியப்பட்டது. இதனை இக்கரையின் எதிர்வினையாகக் கொள்வது பொருந்தும். அக்கரையில் மிஷன் அச்சகம் பாடநூலும் ‘நற்போதகம்’ போன்ற இதழும் அச்சிட்டு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்த பின், சைவர்கள் தமக்கென அச்சும் கடையும் அமைத்துக்கொண்டார்கள். கல்வியிலும் இதே போட்டி முன்னரே நடந்தது. மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாக எழுந்த இந்துக் கல்லூரிப் பள்ளியில்தான் பாரதி படித்தார், அக்கல்லூரியில்தான் புதுமைப்பித்தன் பட்டம் பெற்றார்.

கடைவீதி அரசியலில் தலையிட்ட நாள் 1908 மார்ச் 13. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்ட செய்தி பரவியதும் திருநெல்வேலிக் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவரும் தொழிலாளரும் சேர்ந்த கூட்டம் நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் முதலிய அரசுக் கட்டடங்களுக்குத் தீ வைத்தது. நகராட்சி மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். பின்னர் கூடுதல் காவல் படையை நிறுத்தி, அதன் செலவை நகரத்தாரின் தலையிலேயே வரியாக ஏற்றியது அரசு. கடையடைப்பு என்ற போராட்ட வடிவம் இன்று பழகிப்போனது. தென்பாண்டி நாட்டில் அதன் முதல் பேருருவை ரத வீதிகளே கண்டன.

1876இல் மணியாச்சியிலிருந்து இருப்புப்பாதை வந்தபோதும், 1903இல் அது செங்கோட்டைக்கு நீண்டபோதும் நிலையம் அமைந்தது டவுனுக்கும் ஆற்றுக்கும் இடையிலிருந்த வெளியில். அங்கே ‘ஜங்ஷன்’ என்ற மூன்றாவது கடைவீதி பிறந்தது. அதற்குத் தேரும் இல்லை, பேராலயமும் இல்லை. பயணியை மட்டுமே நம்பியது. அவசரமாக வாங்கிச் செல்பவருக்கு ஏற்ற ஓட்டலும் அல்வாக் கடையும் லாட்ஜுமாக அது வளர, 1973இல் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் இருப்புப்பாதைக்கு மேலே டவுனையும் ஜங்ஷனையும் இணைத்தது. 1866 முதல் தனித்தனி நகராட்சிகளாக இருந்த திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும், மேலப்பாளையம், தச்சநல்லூரோடு சேர்ந்து 1994இல் ஒரே மாநகராட்சியாயின. ஆயினும் பாளையங்கோட்டையில் இருப்பவர் இன்றும் ‘டவுனுக்குப் போய்வருகிறேன்’ என்றே சொல்லிக் கிளம்புகிறார்.

கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. பேராலயத்துக்குத் திருமுழுக்குப் பதிவேடும் மிஷன் கடிதங்களும் உண்டு. கோட்டைக்குப் படைக் குறிப்புகள் உண்டு. கடைக்கு இருப்பது பேரேடு மட்டுமே. அதுவோ கடை கைமாறும்போதும் கட்டடம் இடிபடும்போதும் பழைய தாளாக எடைக்குப் போகிறது. ஓடு வேய்ந்த மாடியும் மரப்பலகைக் கதவும் கொண்ட ரத வீதிக் கடைகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. ஆற்றங்கரையை ஒட்டிய இடங்களில் மிஞ்சிய தாள்களை 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற பேரிடர்கள் அழிக்கின்றன. நெல்லையிலும் பாளையிலும் மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பங்கள் தங்கள் பழைய கணக்குப் பேரேடுகளையும் விலைச்சீட்டுகளையும் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கோ கல்லூரி நூலகங்களுக்கோ, படியெடுக்கவாவது, கொடுத்து உதவ வேண்டும்.